விளம்பரம் வராமலே கைமாறிய இருக்கை

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் 16 ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன், முழுப் பேராசிரியர். எங்கள் துறையில் ஒரு கொடையாளரின் பெயரில் நிறுவப்பட்ட இருக்கை உண்டு. அதை வகித்த மூத்தவர் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றார். விளம்பரம் வரும், விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தேன். ஒரு நாள் டீனிடமிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது: இருக்கை, என்னைவிட எட்டு வயது இளைய சகாவுக்கு வழங்கப்பட்டுவிட்டதாம். கொடையாளர் குடும்பமே அவர் பெயரைச் சொன்னது என்கிறார்கள் சிலர். வேறு இடத்துக்குப் போய்விடுவேன் என்று அவர் சொன்னதால் கொடுத்தார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் கல்லூரியில் இதுவரை இருக்கை பெற்றவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இது முறையா? புகார் செய்யலாமா? அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் காதுக்கு எட்டிய இரண்டு பேச்சுகளில் இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். பேராசிரியர் நியமனக் கோப்புகளோடுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வயதில் இளையவர் ஒருவருக்கு விளம்பரமின்றி, சத்தமின்றி இருக்கை போனால், அவர் கையில் வேறொரு பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம் இருந்திருக்கும் என்றே முதலில் எண்ணுவேன். கொடையாளர் குடும்பம் கைகாட்டிய ஆளுக்கு இருக்கை போவது, பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் பல்கலைக்கழகங்களில் அரிது. அழைப்புக் கடிதத்தைக் கண்டு பதறி இருக்கையைத் தூக்கிக் கொடுப்பது அன்றாடம் நடக்கிறது.

முறையா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் இருக்கை என்று பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளை. முதல் வகையில் இருக்கையே ஒரு பணியிடம். கொடையிலிருந்து வரும் பணம்தான் அந்தப் பேராசிரியரின் சம்பளம். கொடை இல்லையென்றால் அந்த இடமே இல்லை. இது காலியானால் தேர்வுக் குழு அமைத்து, விளம்பரம் கொடுத்து, உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் என எல்லோரையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் பழம்பெரும் பேராசிரியர் பதவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, ஏற்கெனவே பணியில் இருக்கும் பேராசிரியருக்குச் சூட்டப்படும் பட்டம். புதிய வேலை எதுவும் உருவாவதில்லை, ஒரு பேராசிரியரின் பெயருக்கு முன்னால் கொடையாளரின் பெயர் சேர்கிறது, கூடவே கொஞ்சம் ஆய்வுப் பணமும் வருகிறது. வேலை என்று ஒன்று இல்லாததால் விளம்பரம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்கப் பாணியில் நடக்கும் பல்கலைக்கழகங்களில் உள்ளிருப்பவர்களுக்குத் தரப்படும் இருக்கைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. நீங்கள் விவரிப்பது இதைத்தான். வராத விளம்பரத்துக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள்.

மூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருக்கை வரிசைப்படி வருவதில்லை, என்றும் வந்ததில்லை. ஹென்றி லூகாஸ் விட்டுச்சென்ற கொடையால் 1663-ல் கேம்பிரிட்ஜில் ஏற்பட்ட கணித இருக்கையை முதலில் வகித்த ஐசக் பாரோ, 1669-ல் விலகினார். அடுத்து அதில் அமர்ந்தவருக்கு வயது 26. அவர் ஐசக் நியூட்டன். உங்கள் சகா நியூட்டன் என்று நான் சொல்ல வரவில்லை. வயதை வைத்து மட்டும் வாதாடினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்கிறேன்.

இனி பணம். இதைப் புரிந்துகொண்டால் இருக்கை அரசியலில் பாதி புரிந்துவிடும். கொடையாளர் கொடுத்த தொகையை யாரும் செலவழிப்பதில்லை. அதை முதலீடு செய்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதிலும் அந்த ஆண்டின் சந்தை மதிப்பைப் பார்க்காமல், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரியைக் கணக்கில் எடுப்பது வழக்கம். பங்குச்சந்தை ஒரு ஆண்டு சரிந்ததற்காகப் பேராசிரியரின் பணம் பாதியாகிவிடக் கூடாது அல்லவா? ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பேராசிரியருக்கு இவ்வளவு பணமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 60 லட்சத்தில் 4.5 சதவீதம் 2,70,000 டாலர். ஒரு மூத்த பேராசிரியரின் சம்பளம், அதற்கு மேல் வரும் ஓய்வூதியம், காப்பீடு, ஆய்வுச் செலவு என்று கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொகை ஏன் கேட்கப்பட்டது என்பது விளங்கும்.

அதே கணக்கில் 10 லட்சம் டாலர் மட்டும் உள்ள இருக்கை ஆண்டுக்கு 45,000 தரும். அதை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. ஒரு ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை, இரண்டு மாநாட்டுப் பயணம், கொஞ்சம் வேதிப்பொருள், அவ்வளவுதான். உங்கள் துறை இருக்கை எந்த அளவினது என்று தெரியாமல் மனம் புண்பட்டு உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே சொல்லாத இன்னொரு சங்கதியும் உண்டு. இருக்கை நிதியில் வரும் பணத்தைப் பேராசிரியரின் பழைய சம்பளத்துக்கே செலவு வைத்துவிட்டு, அதனால் மிச்சமாகும் பொதுப் பணத்தை டீன் வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதுண்டு. சட்டப்படி இதில் தவறு ஏதுமில்லை. கொடை ஒப்பந்தம் இடம் கொடுத்தால் போதும். பட்டம் பெற்றவருக்கு ஒரு காசுகூடக் கூடுதலாக வந்திருக்காது. விழா எடுப்பார்கள், பதக்கம் அணிவிப்பார்கள், சம்பளச் சீட்டு மட்டும் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட இருக்கைகளில் அமர்ந்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். நீங்கள் பொறாமைப்படும் ஆள் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

கொடையாளர் விஷயத்துக்கு வருகிறேன். கொடையாளருக்கு அதிகாரம் இருக்கும் காலம் மிகக் குறுகியது: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை. எந்தத் துறை, எந்த ஆய்வுப் பகுதி, இருக்கைக்கு யார் பெயர், பணம் எதற்கெல்லாம் போகலாம், அந்தத் துறையே மூடப்பட்டால் நிதி எங்கே போகும் என்று எல்லாவற்றையும் அவர் அப்போது பேசி முடிவு செய்யலாம். கையெழுத்துக்குப் பிறகு யார் அமர்வது என்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பெயரை அறிவிப்பதற்கு முன்பு மரியாதைக்கு அவருக்குத் தகவல் சொல்வார்கள். விழாவில் முன்வரிசையில் அமர்த்துவார்கள். ஆண்டுதோறும் பேராசிரியர் அவருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அதற்கு மேல் போக முயன்றால் கொடையே திரும்பிப் போன கதை உண்டு. 1991-ல் லீ பாஸ் என்ற செல்வர், மேற்கத்திய நாகரிகப் படிப்புக்காக யேல் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்தார். பின்னர், அதில் அமர்த்தப்படும் பேராசிரியர்களுக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டார். 1995-ல் யேல் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய தொகையைத் திருப்பித் தருவது எந்த நிர்வாகத்துக்கும் எளிதில்லை. ஆசிரியர் தேர்வை வெளியாரிடம் விட்டால் அதைவிடப் பெரிய இழப்பு என்று தெரிந்ததால் தந்தார்கள். எல்லா இடத்திலும் இந்த உறுதி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தேர்விலும் மதிப்பீட்டிலும் கொடையாளர் தரப்புக்கு மறைமுகமாக இடம் கொடுத்த ஒப்பந்தங்கள் பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்து, பல்கலைக்கழகங்கள் தலைகுனிந்ததும் உண்டு.

கொடையாளர் இறந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அவர் எழுதிய ஒரு வரி தேர்வை ஆட்டிவைத்த கதை ஒன்றும் உண்டு. கிழக்கிந்திய கம்பெனியின் பம்பாய்ப் படையில் இருந்த ஜோசப் போடன் 1811-ல் இறந்தார். ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவத் தன் சொத்தை எழுதிவைத்திருந்தார். நோக்கம் மொழியாராய்ச்சி இல்லை. வேதாகமத்தைச் சமஸ்கிருதத்தில் கொண்டுவந்து இந்தியர்களை மதம் மாற்றுவது. 1860-ல் அந்தப் பதவி காலியானது. ரிக்வேதத்தைப் பதிப்பித்துக்கொண்டிருந்த மாக்ஸ் முல்லர் ஒரு பக்கம், கம்பெனியின் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த மோனியர் வில்லியம்ஸ் மறுபக்கம். அக்காலத்தில் தேர்வுக் குழுவெல்லாம் கிடையாது. ஆக்ஸ்போர்டின் முதுகலைப் பட்டதாரிகள் அனைவருக்கும் வாக்கு. பாதிரிமார்களே அவர்களில் நிறைய. துண்டறிக்கைகளும் பத்திரிகைக் கடிதங்களுமாக ஒரு பொதுத்தேர்தலே நடந்தது. கொடையாளரின் நோக்கத்துக்கு ஏற்றவன் நானே என்று வில்லியம்ஸ் பிரசாரம் செய்தார். 833-க்கு 610 என்ற கணக்கில் வென்றும் விட்டார். புலமையில் பெரியவர் என்று பலரும் கருதிய முல்லர் தோற்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1868-ல், ஆக்ஸ்போர்டு ஒப்பியல் மொழிநூலுக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தி அவரை அதில் அமர்த்தியது. ஒரு இருக்கை கை நழுவினால் இன்னொன்று வரலாம் என்பதற்காகவும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

நிறுவனம் மனம் வைத்தால் நிபந்தனை வளைந்து கொடுக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தாரக்நாத் பாலித்தின் கொடையில் அமைந்த இயற்பியல் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சி.வி. ராமன் அதற்காக வெளிநாடு போக மறுத்தார். துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜிக்கு ராமன்தான் வேண்டும், விதி தளர்ந்தது. அரசு நிதித்துறையில் கூடுதல் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு 1917-ல் ராமன் பதவியேற்றார்.

ஆகவே நீங்கள் படிக்க வேண்டிய முதல் தாள் கொடை ஒப்பந்தம். உங்கள் துறையின் இருக்கை ‘வேதியியலுக்கு’ என்று பொதுவாக எழுதப்பட்டிருக்கிறதா, ‘பலபடிகள் (பாலிமர்) ஆய்வுக்கு’ என்று குறுக்கப்பட்டிருக்கிறதா? இரண்டாவது என்றால், பகுப்பாய்வு வேதியியலில் நீங்கள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த இருக்கை உங்களுக்கு வந்திருக்காது, வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம் கல்லூரியின் நிதித்திரட்டுப் பிரிவில் இருக்கும். டீன் அலுவலகத்தில் கேட்டால் இருக்கைக்கான நிபந்தனைப் பகுதியை மட்டுமாவது காட்டுவார்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் பல நாடுகளில் தகவல் உரிமைச் சட்டப்படியே கேட்டுப் பெறலாம். ஆனால் அது கடைசி ஆயுதம். முதல் நாளே மனுப் போட்டால் அதன் பிறகு உங்களோடு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

தேர்வு உள்ளே எப்படி நகர்கிறது? பெரும்பாலான இடங்களில் டீன்தான் தொடங்குவார்: இந்த இருக்கை காலியாக இருக்கிறது, பரிந்துரை அனுப்புங்கள் என்று துறைத் தலைவர்களிடம் சொல்வார். துறைத் தலைவர் அதைத் துறைக் கூட்டத்தில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். உங்கள் துறையில் சொல்லவில்லை என்று தெரிகிறது. பரிந்துரைக் கோப்பில் தலைவரின் கடிதம், தன்விவரக் குறிப்பு, ஆய்வைப் பற்றிய சில பக்கங்கள், பிற பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதும் மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவை இருக்கும். இந்த அறிஞர்கள் உங்கள் முனைவர் பட்ட நெறியாளராகவோ, அண்மையில் உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவராகவோ இருக்கக் கூடாது. பிறகு ஒரு ஆலோசனைக் குழு. ஏற்கெனவே இருக்கையில் அமர்ந்திருப்பவர்களே பல இடங்களில் அதில் உறுப்பினர்கள். அவர்கள் பார்வையில் தங்களைப் போன்றவர்களே தகுதியானவர்களாகத் தெரிவது மனித இயல்பு. டீன் பெயரை மேலே அனுப்ப, துணைவேந்தர் நிலையில் ஒப்புக்கொண்டு, ஆட்சிக்குழு முத்திரை குத்தும். ஆட்சிக்குழுவில் பெயர் தள்ளுபடியாவது மிக மிக அபூர்வம். உண்மையான முடிவு டீன் மேசையிலேயே முடிந்துவிடுகிறது.

அழைப்புக் கடிதம் இந்த நடைமுறையில் எங்கே நுழைகிறது என்றால், டீன் மேசையில்தான். நல்ல ஆய்வாளர் ஒருவரை வேறிடம் இழுக்கிறது. பதில் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது. கையில் ஒரு காலி இருக்கை இருக்கிறது. குழுவை அவசரமாகக் கூட்டி, பழைய கடிதங்களைத் தூசி தட்டி, காரியத்தை முடித்துவிடுவார்கள். இருக்கைகளைச் சில மாதங்கள், சில நேரம் ஆண்டுக்கணக்கில், காலியாக வைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். மற்றொன்று, காலியாக இருக்கும்போது சேரும் பணம். இதைப் படித்துவிட்டு நீங்களும் ஒரு அழைப்பைத் தேடிப் போக வேண்டாம். அழைப்பைக் காட்டினால் ‘போய் வாருங்கள்’ என்று டீன் வாழ்த்தும் வாய்ப்பும் உண்டு. போகத் தயாராக இல்லாதவர் அந்தக் கடிதத்தை மேசையில் வைக்கவே கூடாது.

புகார் பற்றிக் கேட்டீர்கள். ‘என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்ற புகாருக்கு வழியில்லை. எழுத்தில் இருக்கும் விதி மீறப்பட்டிருந்தால் வழி உண்டு: பரிந்துரை கேட்க வேண்டும் என்று பல்கலைக்கழக விதி சொல்லியும் கேட்கவில்லை, அல்லது ஒப்பந்தம் சொல்லும் ஆய்வுப் பகுதிக்கு வெளியே ஒருவரை அமர்த்திவிட்டார்கள். இவை இல்லாவிட்டால் உங்கள் சகாவின் நியமனத்தை விட்டுவிடுங்கள். அவரோடு பகை வளர்த்துக்கொள்வதால் ஆதாயமும் இல்லை.

ஒரு பெண்கூட இல்லை என்ற செய்தி வேறு வகை. அது ஒருவரின் மனக்குறை என்ற நிலையைத் தாண்டி, கல்லூரி பதில் சொல்ல வேண்டிய கணக்காகிறது. அதை இந்த நியமனத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். தனியே, வேறு துறைப் பெண் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து, டீனிடம் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை இருக்கைகள், கடந்த பத்து ஆண்டுகளில் யாரெல்லாம் பரிந்துரைக்கப்பட்டார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர். பெண்கள் தேர்வில் தோற்பதைவிட, பரிந்துரையே செய்யப்படாமல் போவதுதான் அதிகம் என்பது நான் பார்த்த கோப்புகள் சொல்லும் செய்தி. எண்களை எழுத்தில் கேட்டால் அடுத்த இருக்கைக்குப் பரிந்துரை கேட்கும் மின்னஞ்சல் தானாக எல்லோருக்கும் போகும். டீன்கள் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்கள்.

அடுத்த முறைக்கு வருவோம். துறைத் தலைவரிடம் நேரே போய், ‘இனி இருக்கை காலியானால் என்னைப் பரிந்துரைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல நம்மில் பலருக்கு நா எழாது. உழைப்பைப் பார்த்து அவர்களாகவே தருவார்கள் என்று இருந்துவிடுகிறோம். துறைத் தலைவருக்கு இருபது பேர் கவலை. நீங்கள் இருக்கையை எதிர்பார்க்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்லூரியில் யார் யார் எப்போது ஓய்வு பெறுகிறார்கள், புதிய கொடை ஏதாவது பேச்சில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தின் முதல் வரைவைத் துறைத் தலைவர் உங்களிடமே கேட்பார். வெட்கப்படாமல் எழுதிக் கொடுங்கள். நான் படித்த பலவீனமான கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: ‘இவர் 90 கட்டுரைகள் வெளியிட்டுள்ளார். கடுமையான உழைப்பாளி. மாணவர்களிடம் அன்பானவர். எல்லாக் குழுக்களிலும் பணியாற்றியுள்ளார்.’ இதைப் படித்ததும் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்கள். அன்பும் உழைப்பும் எல்லாப் பேராசிரியருக்கும் உரியவை. பெண்களைப் பற்றிய கடிதங்களில் இவை அளவுக்கு மீறி வருவதையும் கவனித்திருக்கிறேன். குழு தேடுவது வேறு வகை வாக்கியம்: ‘நீரில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் உலோகத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவராமல் ஆற்றங்கரையிலேயே அளக்கும் முறையை இவர் கண்டுபிடித்தார், இன்று மற்ற ஆய்வுக்கூடங்கள் அதையே பின்பற்றுகின்றன, அடுத்த ஐந்து ஆண்டுகளில் இதை மண்ணுக்கும் விரிவாக்கப் போகிறார், அதற்கு இருக்கை நிதி இப்படிப் பயன்படும்.’ செய்தது, அதனால் துறையில் மாறியது, இனிச் செய்யப்போவது. கடைசிப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருக்கையைக் கடந்த காலத்துக்கான பரிசாக நினைத்து எழுதினால் கோப்பு ஓய்வுபெறப் போகிறவரின் பிரிவு உபசார மடல் போல ஆகிவிடும்.

வெளியிலிருந்து மதிப்பீடு எழுதக்கூடிய எட்டுப் பத்துப் பேரின் பட்டியலையும் இப்போதே தயார் செய்துவையுங்கள். உங்கள் ஆய்வைப் படித்தவர்களாக, உங்களோடு சேர்ந்து எழுதாதவர்களாக, தாங்களே இருக்கை வகிப்பவர்களாக இருந்தால் நல்லது. மாநாட்டில் அவர்களைச் சந்தித்தால் புதிய கட்டுரையைப் பற்றிப் பேசுங்கள். பரிந்துரையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடிதம் கேட்பது டீன் அலுவலகத்தின் வேலை.

இருக்கை உங்களுக்கு வரும்போது, விழாத் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன், டீனிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு எவ்வளவு வரும், அதில் என் கையில் செலவழிக்க எவ்வளவு, என் சம்பளத்துக்குப் போவது எவ்வளவு. நிதியின் மதிப்பு கொடைத் தொகைக்குக் கீழே சரிந்தால் பணம் நிற்குமா. ஒரு ஆண்டில் செலவாகாத பணம் அடுத்த ஆண்டுக்குச் சேருமா, இல்லை மூலநிதிக்கே திரும்பிவிடுமா. கற்பிக்கும் பாடங்களின் எண்ணிக்கை குறையுமா. நான் துறைத் தலைவராகவோ டீனாகவோ போனால் இருக்கை என்னோடு இருக்குமா. இப்போதெல்லாம் பல இருக்கைகள் ஐந்து ஆண்டுக் காலவரையோடு வருகின்றன. காலம் முடியும்போது புதுப்பிப்பதை யார் முடிவு செய்வார்கள், எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.